ஒரு பெசன்ட் நகர், பாஸ் பண்ணுங்க!

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் காலை 9 மணிக்கு முன்வாசலில் ஒருவர் தொற்றிக்கொள்கிறார். கண்டக்டரோ பின்வாசல் பக்கம் தம் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இடையில் ஒரு கல்யாணக் கூட்டம். மற்ற ஊர்களில் கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்தி பயணியைத் தேடி வருவார். சென்னையில் பெரும்பாலும் காசுதான் கண்டக்டரைத் தேடிப் போகும்.

போய்ச் சேரவும் செய்கிறது, அதுதான் வேடிக்கை. பக்கத்துத் தோளைத் தட்டி, "ஒரு பெசன்ட் நகர், பாஸ் பண்ணுங்க" என்று ஐம்பது ரூபாயை நீட்டினால் போதும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் கண்ணைத் திறக்காமலே வாங்கிப் பின்னால் நீட்டுவார். ஹெட்செட் மாட்டிய கல்லூரிப் பையன், செல்போனைத் தாடைக்கடியில் செருகிக்கொண்டு அதை வாங்கிக்கொள்வான். கை மாற மாற வாசகமும் மாறும். கண்டக்டர் காதில் அது 'ரெண்டு அடையார்' என்று விழுந்தாலும் விழும். அந்தத் தகராறும் அதே கைகள் வழியாகத்தான் போய்த் திரும்பி, ஒருவழியாகத் தீரும்.

வீட்டில் தம்பியிடம் நூறு ரூபாய் கொடுத்தால் மாலையில் கணக்குக் கேட்கிற மனிதர், இங்கே முகம்கூடப் பார்க்காத ஏழெட்டுப் பேரிடம் காசைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அப்படியே வந்து சேர்கின்றன. கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

பாவம், கண்டக்டருக்கு முன்சீட்டில் உட்கார்ந்தவர். ஏறி இரண்டு ஸ்டாப்புக்குள் அவர் சம்பளமில்லாத உதவிக் கண்டக்டர் ஆகிவிடுவார். ஜெமினி மேம்பாலம் தாண்டுவதற்குள் அதிகாரமும் வந்துவிடும். "எல்லாரும் நோட்டா நீட்டினா எப்படி? சில்லறையா குடுங்கப்பா!" என்று அவர் போடும் சத்தத்தில் அசல் கண்டக்டரே ஒரு கணம் மிரண்டு பார்ப்பார்.

டிக்கெட் பரிசோதகர் ஏறிவிட்டால் நாடகம் உச்சத்துக்குப் போகும். காசு கொடுத்தாயிற்று, டிக்கெட் இன்னும் வழியில் இருக்கிறது. அபராதத்தை நினைத்து ஆள் வெளிறும்போது, சற்றுமுன் அவரை முழங்கையால் இடித்தவரே முதல் சாட்சியாக நிற்பார்: "காசு குடுத்துட்டாரு சார். என் கையாலதான் போச்சு. டிக்கெட் வந்துக்கிட்டிருக்கு!"

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். ஆனால் இலவச டிக்கெட்டும் பறந்து வருவதில்லை, கைமாறித்தான் வருகிறது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. செல்போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு நிம்மதியாக நிற்பவருக்கும் விடுதலை இல்லை. பின்னாலிருப்பவர் தோளைத் தட்டினால், ஊரார் காசை அவரும் கடத்தித்தான் ஆக வேண்டும்.

காசோடு முடிந்தால் பரவாயில்லை. நிற்பவர்களின் பைகளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்கு வந்துவிடும். சில சமயம் கைக்குழந்தையும். மந்தைவெளியில் பையன் ஒருவன் அவசரமாக இறங்கி ஓட, அவனுடைய ஸ்கூல் பை ஓர் அம்மாளின் மடியிலேயே தங்கிவிடுகிறது. "யாருது பை? டேய் தம்பி!" என்று பஸ்ஸே கத்துகிறது. விசில் பறக்கிறது. பிரேக் போட்ட டிரைவர் எல்லோரையும் திட்டுகிறார். தலைகளுக்கு மேலாகப் பை நகர்ந்து ஜன்னல் வழியே பையன் கைக்குப் போகிறது. கூடவே யாருடையதென்று தெரியாத ஒரு தண்ணீர் பாட்டிலும்.