நாலு மீட்டர் தள்ளி நின்று

வெடிக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று சட்டத்தில் அளவு வைத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு அதெல்லாம் கிடையாது. சிவகாசிப் பக்கம் மினி பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஆகவே தரப் பரிசோதனையை நாமே நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் ஏ.எம்.ராஜா போட்ட தீபாவளிப் பாட்டு இரண்டு தடவை வரும். பி.சுசீலா பாடினால் மத்தாப்பு. ராஜாவே பாடினால் மழையில் நனைந்த மத்தாப்பு. நனைந்த சரக்கையும் விற்றுக் காட்டியவர் அவர் ஒருவர்தான். ‘நாயகன்’ (1987) தீபாவளிப் பாட்டுக்கு ஜமுனா ராணி, எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று பழைய குரல்களைக் கொண்டுவந்தார் இளையராஜா. கிட்டங்கியில் கிடந்த சரக்கு புதுச் சரக்கைவிட நன்றாக வெடித்தது.

2005 தீபாவளிக்கு வந்த ‘சிவகாசி’யில் சிவகாசி என்பது ஊரல்ல, விஜய். ஸ்ரீகாந்த் தேவாவின் பாட்டுகள் சரவெடி ரகம். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது. பாட்டு எப்படியோ தப்பிவிட்டது.

ஆனால் சிவகாசியில் பிறந்த நாடகக் கலைஞர் விஸ்வநாததாஸுக்கு வாய்த்த விமர்சகர்கள் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. முருகன் வேடத்தில் நின்று கொக்கைப் பற்றிப் பாடுவார், கொக்கு வெள்ளை. வெள்ளைக்காரப் போலீஸ் சிலேடையைச் சரியாகப் புரிந்துகொண்டு கைது செய்யும். விடுதலையாகி வந்து மறுபடி பாடுவார். போலீஸும் மறுபடி கேட்க வரும்.