உலக முடிவுக்கு ஒம்பது மணிக்குப் போகாத, மருமகனே

இரு மருமகனே, போனை இந்தக் காதுக்கு மாத்திக்கிறேன். அந்தக் காதுக்கு நல்ல புத்தி மட்டும்தான் கேக்கும். நீ பேசுறது அதுல ஏறாது.

சித்திரை வருஷப் பொறப்பு லீவு. கொழும்பே வீட்டைப் பூட்டிட்டு நுவரெலியாவுக்கு ஏறி வருது. நீயும் பன்னெண்டு பேரை வேன்ல அடைச்சுக்கிட்டு வர்ற. வர்றதுக்கு முந்தியே, "மாமா, ஹோட்டன் பிளேன்ஸ்ல கூட்டமே இல்லாத நேரம் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்குற. கல்யாண வீட்டுப் பந்தியில முத ஆளா உக்காந்துக்கிட்டு "என்னய்யா இவ்வளவு கூட்டம்"னு கேட்டானாம் ஒருத்தன். அவன் உனக்குச் சொந்தமாத்தான் இருக்கணும். அப்ப எனக்கும் சொந்தம், என்ன செய்யிறது!

சரி, கூட்டத்துல ஒழுங்கா மாட்டிக்கிறதுக்கு முதல்ல வழி சொல்றேன். அது உங்களுக்கு நல்லா வரும். ஏப்ரல்ல பூக் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில படகுன்னு நுவரெலியா டவுன் நெரியுற வாரமாப் பாத்து வா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பைலா பாடு. காலையில ஏழரைக்கு எந்திரிச்சு, ஹோட்டல்காரன் சாப்பாட்டையும் பில்லுல சேத்துட்டானேன்னு மூணு தட்டு சாப்புடு. ஒம்பது மணிக்கு வேனை எடு. ஹோட்டன் பிளேன்ஸுக்கு முப்பத்திரெண்டு கிலோமீட்டர்தான். அம்பேவலையில பால் குடிக்க இறங்கு, காத்தாடிக்கு முன்னால நின்னு கையை விரிச்சுப் படம் புடி. பட்டிப்பொலையில டிக்கட்டுக்கு நில்லு. பன்னெண்டு மணிக்கு, உலக முடிவுன்னு சொல்ற அந்த மலை விளிம்புல போய் நின்னு எட்டிப் பாரு. என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. யாரோ பெரிய வெள்ளை வேட்டியைக் காயப் போட்ட மாதிரி மூட்டம் நிக்கும். அதைப் படம் புடிச்சு, "சொர்க்கம்"னு எழுதிப் போடு. வேட்டிக்கு லைக் விழும்.

நான் நாப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி புடிச்சவன். தேயிலைக்கு எங்க வெட்டணும்னு தெரிஞ்ச மாதிரி, கூட்டத்துக்கும் எங்க வெட்டணும்னு எனக்குத் தெரியும். கூட்டத்தை உண்டாக்குறது ரோடும் இல்ல, வேனும் இல்ல, மருமகனே. ஹோட்டல்ல போடுற காலைச் சாப்பாடு. எல்லாரும் ஒரே நேரத்துல முட்டையைத் தின்னு, ஒரே நேரத்துல கை கழுவி, ஒரே நேரத்துல சாவியைத் திருகுறாங்க. அந்த முட்டையை விட்டுட்டா ரோடு உன்னுது.

ஹோட்டன் பிளேன்ஸ் கேட்டு தொறக்குறது காலையில ஆறு மணிக்கு. அந்தக் காலத்துல தோட்டத்துல விடியக்கருக்கல்ல தப்பு அடிப்பாங்க. அந்தச் சத்தத்துக்கு உன் ஆத்தா எந்திரிச்சு, ரொட்டி சுட்டு, புள்ளையைப் புள்ளைக் காம்பராவுல விட்டுட்டு, பெரட்டுக்குப் போய் நிப்பா. அந்த நேரத்துக்கு நீயும் எந்திரிச்சின்னா, ஆறு மணிக்குக் கேட்டுல இருப்ப. எட்டு மணிக்கெல்லாம் உலக முடிவு. மூட்டம் ஏறுறது ஒம்பது, பத்து மணிக்கு மேலதான். அதுவும் ஹோட்டல்ல தங்கிட்டு வருதோ என்னவோ.

இன்னொண்ணு. கேட்டுல பையைத் தொறந்து பாப்பாங்க. பிஸ்கட்டு உறையை உரிச்சுப் போட்டுட்டு கடதாசியில சுத்திக் குடுப்பாங்க. தண்ணிப் போத்தல்ல ஒட்டுன தாளைக் கூட விட மாட்டாங்க. பன்னெண்டு பேரு, பன்னெண்டு பை, பையில மொத்தக் கடையும். பின்னால நிக்கிறவன் உன்னைத்தான் கூட்டம்னு சொல்லுவான். ரொட்டியும் கட்டச்சம்பலும் துணியில முடிஞ்சு எடுத்துக்க. உரிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது, நேரா உள்ள போகலாம்.

"பொலித்தீனுக்கு இவ்வளவு கெடுபிடியா"ன்னு முறைக்காத. மகாவலி, களனி, வளவைன்னு மூணு ஆத்துக்கும் தண்ணி ஊறுறது அந்த மேட்டுலதான். உன் கொழும்புல பைப்பைத் திருகுனா வர்றது களனித் தண்ணி. நீ இங்க வீசுற போத்தல் உனக்கு முந்தி கொழும்புக்குப் போய்ச் சேரும். அதுக்கு டிராபிக் கிடையாது.

கூட்டம் அந்த மேட்டுக்குப் புதுசும் இல்ல. முந்தி யானைக் கூட்டம் இருந்துச்சு. சிங்களத்துல அந்த மேட்டுக்கு மகா எலியன்னு பேரு, பெரிய வெட்டவெளின்னு அர்த்தம். 1831ல இருந்து 1837 வரைக்கும் இருந்த கவர்னர் ஹோட்டன் துரை பேரை வெள்ளைக்காரன் அதுக்கு வச்சான். வச்ச கையோட துப்பாக்கியையும் எடுத்தான். சாமுவேல் பேக்கர்னு ஒரு துரை, நாய்களை விட்டு மரையைத் தொரத்தி வேட்டையாடுனதைப் பொஸ்தகமாவே எழுதி வச்சான். இப்ப மரை மிச்சம் இருக்கு, யானை இல்ல. ஆனா பேக்கர் பேருல ஒரு நீர்வீழ்ச்சி இருக்கு. கூட்டத்தைக் குறைக்கிறதுல அவனுக்கு மேல கெட்டிக்காரன் கிடையாது. நீ அந்த வழிக்குப் போகாத.

பொறவு 1969ல சரணாலயம்னாங்க, 1988ல தேசியப் பூங்கான்னாங்க, 2010ல யுனெஸ்கோக்காரன் உலக மரபுரிமைன்னான். பேரு ஏற ஏற வேனும் ஏறிக்கிட்டே வந்துச்சு.

ஆனா கூத்தைப் பாரு. மூவாயிரத்து நூத்தி அறுவது ஹெக்டேர் இடம். அதுல வர்ற சனம் பெரும்பாலும் ஒம்பதரைக் கிலோமீட்டர் வட்டம் ஒண்ணைத்தான் சுத்தும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் வீழ்ச்சி, வேன். செக்குமாட்டுக்குப் பாதை போட்டுக் குடுத்தா கூட அது ஒரு தரம் திரும்பிப் பாக்கும். உனக்குக் கூட்டம் வேண்டாம்னா, பட்டிப்பொலைப் பக்கத்துக் கேட்டுக்குக் கிட்டவே தொட்டுபொலகந்த இருக்கு. நாட்டுலயே மூணாவது உசந்த மலை, 2,357 மீட்டர். கேட்டே உசரத்துல இருக்கிறதால ஏற வேண்டியது கொஞ்சந்தான். ராவணன் விமானம் இறங்குன துறை அதுதான்னு சொல்லுவாங்க. அந்த மனுசன் பத்துத் தலையோட வந்தும் பார்க்கிங்குக்கு அலையல. காலு கெட்டியா இருந்தா ரெண்டாவது மலை கிரிகல்பொத்தை இருக்கு, 2,388 மீட்டர். அங்க போனா அன்னைக்குப் பொழுது போயிரும். உங்க வேன்ல அதுக்கு லாயக்கானவன் டிரைவர் மட்டுந்தான்னு நெனைக்கிறேன்.

ரயிலு ஓடுற நாளாப் பாத்தா, ஒஹிய ஸ்டேசன்ல இறங்கி அந்தப் பக்கத்துக் கேட்டுக்கு ஏறலாம். பத்துக் கிலோமீட்டருக்கு மேல மேட்டு ரோடு. நடக்குறப்ப டிராபிக்குன்னா உன் மூச்சு மட்டும்தான்.

நாளையும் பாத்துக்க. சனி, ஞாயிறு வேண்டாம், பொயா வேண்டாம், பள்ளிக்கூட லீவு வேண்டாம். சனவரி, பெப்ரவரியில ஒரு செவ்வாக்கிழமை வா. புல்லு மேல பனி உறைஞ்சு கிடக்கும், வானம் கழுவி விட்டாப்ல இருக்கும். "அன்னைக்கு லீவு கிடைக்காதே மாமா"ன்னு முனகுற. அதேதான் அந்த வரிசையில நிக்கிற அத்தனை பேரும் சொல்றான். நீங்க எல்லாரும் ஒரே நாள்ல தப்பிச்சு ஓடுறீங்க, ஒரே பக்கமா. அதுக்குப் பேருதான் கூட்டம்.

சரி, எட்டு மணிக்கு உலக முடிவுல போய் நின்னுட்டன்னு வை. எண்ணூறு மீட்டருக்கு மேல செங்குத்தாக் கீழ இறங்குது. காலம் தெளிவா இருந்தா தெக்குக் கடல் கூடத் தெரியும்பாங்க. கடலை விடு. நேரா பணியப் பாரு. பச்சையா மெத்தை விரிச்ச மாதிரி இருக்குமே, அது தேயிலை. நொன்பரெல் தோட்டம். ஊடால தகரக் கூரை வரிசையாத் தெரியும், அது லயம். உலகம் இதோட முடியுதுன்னு நீங்க படம் புடிக்கிற நேரத்துல, அங்க ஒருத்தி கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறிக்கிட்டிருப்பா. அவளுக்கு அன்னைக்கு உலகம் அப்பத்தான் தொடங்குது.

அதுக்காகவா இவ்வளவு தூரம் பெட்ரோல் எரிச்சு வர்ற? அதே மாதிரிக் கூரையை வர்ற வழியில நானுஓயாப் பக்கம் ஹார்ன் அடிச்சுக்கிட்டுத் தாண்டித்தானே வந்த!

அதனால ஹோட்டலை விட்டுத் தொலை. முந்தின நாள் ராத்திரி இங்க நம்ம லயத்துக்கு வந்து படு. பத்துக்குப் பன்னெண்டு அடிக் காம்பராவுல பன்னெண்டு பேரு எப்பிடின்னு கேக்காத. இதுலதான் ஒரு காலத்துல பதினொரு பேரு படுத்தோம், நீயும் ஒருத்தன். அன்னைக்கு யாரும் அதைக் கூட்டம்னு சொல்லல. இப்ப எல்லாரும் கொழும்புக்குப் போயிட்டீங்க. நானும் உன் அத்தையும் ரெண்டே பேரு. நீ கேட்டியே, கூட்டமே இல்லாத இடம், அது இதுதான். டிக்கட் கிடையாது.

நாலு மணிக்கு நான் எழுப்பி விடுறேன். தப்பு இல்ல, தகரம் இருக்கு.