பெரியோர் பெருமை

பதினோரு வயதுப் பெண்ணுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் உறவினர்களின் அறிவை என்ன சொல்லிப் புகழ்வது! கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. அது ஏன் அப்படித் தன் உடலையே தாக்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களோ காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டீர்கள்: "சாக்லேட்டை அள்ளி அள்ளிக் கொடுத்தா வேற என்ன வரும்?" அடுக்களையில் நின்ற தாய்க்கும் கேட்கும்படி சொன்ன தெளிவு உங்களுடையது. கதவோரம் நின்ற பெண்ணுக்கும் கேட்டது. தன் வாயால்தான் இந்த நோய் வந்தது என்று அவள் அன்று முதல் நம்புகிறாள்.

முன்னோர் வழியை மறவாதவர்களும் நீங்களே. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதுவரை இந்த நோய் கண்ட பிள்ளைகளை அரைப்பட்டினியில் வைத்துச் சாவைத் தள்ளிப்போட்டதுதான் வைத்தியம். அந்தக் காலத்துக்கே அவளை அழைத்துப்போக உங்களுக்கு மனம் இருக்கிறது: "ஊசியை நிறுத்திட்டுப் பாகற்காய்ச் சாறு குடுங்க." ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் ஏறும், வாந்தி எடுத்து, மூச்சிரைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பாள். அங்கேயும் பழக்கூடையோடு முதல் ஆளாக வந்து நிற்பீர்கள்.

பள்ளிக்கூடத்தின் கருணை இதற்கும் மேல். மதிய ஊசி போட்டுக்கொள்ள அவளுக்கென்று இடமே ஒதுக்கித் தந்திருக்கிறது: கழிப்பறை. மற்ற பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதல்லவா! ஆசிரியரின் கண்ணுக்கோ எதுவும் தப்பாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி அவள் குளுக்கோஸை வாயில் போட்ட நொடியே பார்த்துவிட்டார்; "வகுப்புல என்ன தீனி?" என்று எழுப்பி நிற்கவைத்தார். அவள் கை நடுங்கியதும் சட்டை வேர்வையில் நனைந்திருந்ததும் அவ்வளவு கூர்மையான கண்ணுக்குத் தேவையில்லாத சின்ன விஷயங்கள். பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதி தந்துவிட்டது. இந்த வகுப்பின் ஒழுங்கு அதைவிட உயர்ந்தது.

உறவினர்களே, உங்கள் தொலைநோக்கைச் சொல்லாமல் விட்டால் பாவம். "பொம்பளப் புள்ள, வெளிய சொல்லிடாதீங்க, நாளைக்கு மாப்பிள்ளை அமையணும்." சைக்கிளில் இன்னும் கால் எட்டாதவளுக்கு மாப்பிள்ளை பற்றிய கவலை! நீங்கள் கற்பித்ததில் அவள் பிசகாமல் கற்றது இந்தப் பாடத்தைத்தான். பதினைந்து வயதில், தோழிகள் பார்த்துவிடுவார்கள் என்று மதிய ஊசியை விட்டுவிடுகிறாள். சர்க்கரை அளவை நோட்டில் பொய்யாக எழுதுகிறாள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் "பொறுப்பே இல்லாத பொண்ணு" என்று நீங்கள் தீர்ப்பு எழுதினீர்கள். ஊசி வலிக்கிறதா, பக்கத்தில் வந்து உட்காரட்டுமா என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள்.