ஆடத் தெரிந்தவருக்கு ஆட்டுவிக்கத் தெரியுமா?

கேள்வி: பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்கள் ஆவார்களா?

பதில்: ஆடுவது ஒரு கலை, ஆட வைப்பது வேறு கலை. 1986இல் கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கிய மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா, 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என வீழ்ந்தது. மாறாக, தொழில்முறைக் கால்பந்தே ஆடாத பயிற்சியாளர் அரிகோ சாக்கி, முன்பு செருப்பு விற்றவர். மிலான் அணிக்கு 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்று தந்தார். மேதைக்குத் தானாக வருவதை மற்றவருக்குப் படிப்படியாகச் சொல்லித்தரப் பொறுமை வேண்டும்.

ஆடுவது, ஆட வைப்பது இரண்டும் கைவந்தவர் பேட்மின்டன் வீரர் கோபிசந்த். 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர், ரியோ ஒலிம்பிக்குக்கு முன் தன் மாணவி சிந்துவின் கைப்பேசியை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார். சிந்து வெள்ளி வென்றார். பயிற்சியாளருக்கு அழகு, தன் பதக்கத்தை மறந்து மாணவரின் பதக்கத்துக்கு உழைப்பதே.