அமாவாசைக்காரர்

அமாவாசை என்றைக்கு வருகிறது என்பது ராமேசுவரத்துப் புரோகிதர்களுக்கு அடுத்தபடியாக நெபுலாக்காரருக்குத்தான் அத்துப்படி. புதுக் காலண்டர் வந்ததும் எல்லோரும் எத்தனை பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகிறது என்று பார்ப்பார்கள். இவர் கறுப்பு வட்டத்தை மட்டும் பார்ப்பார். தை அமாவாசைக்கும் மாசி அமாவாசைக்கும் ஆறு மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். ஆபீசில் வெகுகாலம் இவரைப் பெரிய பிதுர்பக்தர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வியாதி தொற்றியது 2010 ஜனவரி 15 அன்று. அன்றைய வளையச் சூரிய கிரகணத்தின் மையக்கோடு தனுஷ்கோடியை ஒட்டிப் போனது. நடுப்பகலில் பத்து நிமிடத்துக்கும் மேலாகச் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. அன்று தை அமாவாசையும்கூட. ஊரெல்லாம் அக்னி தீர்த்தத்துக்குப் போக, இவர் மணலில் உறுமிக்கொண்டு போகும் வேனில் தொற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனார். அப்போது தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை கிடையாது. அது 2017-இல்தான் வந்தது. போனவர் திரும்பி வந்தார், மனசு வரவில்லை என்று அவர் மனைவி சொல்வார். அன்று முதல் விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களை, நிலா இல்லாத அமாவாசை இருட்டில் படம் பிடிப்பதே அவர் பைத்தியம்.

இப்போது மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு ரயிலேறும்போது அவருடைய சாமான்களைப் பார்த்தால் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் புறப்பட்டதுபோல் இருக்கும். குழாய் ஒன்று, முக்காலி ஒன்று, அதன்மேல் மாட்டும் மவுண்ட், எடைக்கட்டிகள், கார் பேட்டரி, லென்ஸில் பனி படியாமலிருக்கச் சுற்றும் சூட்டுப்பட்டை. மாற்றுச் சட்டை மட்டும் இருக்காது. கேமராவிலும் ஒரு சங்கதி உண்டு. நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு உமிழும் 656 நானோமீட்டர் ஒளி. கடையில் வாங்கும் கேமராவின் உள்ளே இருக்கும் வடிகட்டி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே எண்பதாயிரம் ரூபாய்க் கேமராவை வாங்கிய மறுவாரமே பிரித்து அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்தார். வாரண்டியும் அத்துடன் போயிற்று. அந்தக் கேமராவில் எடுத்த மச்சினன் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சிவந்த முகத்தோடு கோபமாக நிற்கிறார்கள்.

தனுஷ்கோடிமேல் இவருக்கு ஏன் இத்தனை மோகம்? 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாசஞ்சர் ரயிலையும் ஊரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனதிலிருந்து அங்கே ராத்திரி ராத்திரியாகவே இருக்கிறது. மிஞ்சிய மீனவக் குடிசைகள் சூரியத் தகடு விளக்கை நம்பியிருக்கின்றன. கரண்ட் வராதா என்று அவர்கள் ஏங்க, வந்துவிடக் கூடாதே என்று இவர் வேண்டிக்கொள்வார். இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்பதால் மன்னிக்கலாம். புதிதாக எழும்பிய கலங்கரை விளக்கம் இவருக்கு ஜென்ம சத்துரு.

ஊர் தெற்கே இருப்பதும் ஒரு காரணம். கரீனா நெபுலா டெல்லிக்காரர்களுக்குத் தொடுவானத்தை உரசிவிட்டுப் போய்விடும். இங்கே மன்னார் வளைகுடாவுக்கு மேலே இருபது பாகை ஏறி நிற்கும். டெல்லி நண்பருக்குப் போன் போட்டு இதைச் சொல்லாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அதே காரணத்தால் துருவ நட்சத்திரம் வடக்கே ஒன்பது பாகையில், பாக் நீரிணையின் ஆவியில் மங்கிக் கிடக்கும். மவுண்ட்டை அதன் பக்கமாக நேர்நிறுத்தினால்தான் பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக டெலஸ்கோப் நகரும். இல்லையென்றால் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும். கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததியைப் பார்த்துவிட்டதாகத் தலையாட்டியவர், நடுராத்திரியில் துருவனைக் காணாமல் மணலில் மண்டியிட்டுக் கிடப்பார்.

கிடக்க விட்டால்தானே! பொழுது சாய்ந்தால் அங்கே வெளியாட்களுக்கு இடமில்லை. இலங்கை கூப்பிடு தூரம். கடத்தல் பயம் வேறு. வானத்தை நோக்கி ஒரு குழாய், பக்கத்தில் சிவப்பு டார்ச்சோடு ஒரு மனுஷன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ரோந்து வந்த போலீஸ்காரருக்கும் வந்தது.

"என்ன சார் பாக்குறீங்க?"

"நெபுலா."

"அது எங்கிட்டு இருக்கு?"

"ஓரையன்ல. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தள்ளி."

"அப்ப எல்லைக்கு அங்கிட்டு. கெளம்புங்க சார்."

ஆகவே படம் உண்மையில் எடுக்கப்படுவது ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில், தெரிந்த ஒரு அக்கா வீட்டுக் கொல்லையில், தென்னைமரங்களுக்கு நடுவே. படத்தின் அடியில் மட்டும் 'தனுஷ்கோடி' என்று போட்டுக்கொள்வார். ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டில் இந்த இருபது முப்பது கிலோமீட்டர் ஒரு கணக்கா?

அக்காவின் மகனை ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டினார். ஐபீஸில் கண்ணை வைத்த பையன், "மாமா, கண்ணாடில அழுக்கு இருக்கு, தொடைங்க" என்றான். அந்த அழுக்குதான் ஓரையன் நெபுலா. ஐபீஸ் வழியே பார்க்கும் கண்ணுக்கு அது சாம்பல் பூத்த திட்டு. ரோஜா நிறமெல்லாம் நிமிடக்கணக்கில் திறந்துவைத்த கேமராவுக்குத்தான்.

விடியற்காலையில் இன்னொரு சடங்கு. மூடியைப் போட்டுவிட்டுப் படம் எடுப்பார். கோலம் போட வந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, மூடியத் தெறக்காம எடுக்குறீக!"

"வேணும்னுதாங்க்கா. கேமரா சூட்டுல வர்ற புள்ளியெல்லாம் இதுல விழும். அப்புறம் நெஜப் படத்துலேர்ந்து கழிச்சிரலாம்."

"மூடி போட்டு எடுக்கவா மருதையில இருந்து வந்தீக? அத வீட்லயே எடுத்துருக்கலாம்ல?"

கேமரா அதே சூட்டில் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது இதற்குச் சரியான பதில். அதற்குள் அக்கா மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊர் திரும்பி, காற்றில் ஆடிய படங்களையும் சாட்டிலைட் கோடு கிழித்த படங்களையும் கழித்து, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்குவார். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் பலன் வெளியாகும். பெரியம்மா உடனே 'ஓம் நமசிவாய' போடுவார். சித்தப்பா, இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்பார்.

மனம் தளர்ந்தால் அவருக்கு இரண்டு குலதெய்வங்கள் உண்டு. ஒருவர் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க டாக்டர். 1880 செப்டம்பர் 30 அன்று தன் குடும்பத் தோட்டத்திலிருந்த டெலஸ்கோப்பில், ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஒளி வாங்கி, இதே ஓரையன் நெபுலாவை உலகில் முதன்முதலாகப் படம் பிடித்தவர். மற்றவர் ஆண்ட்ரூ காமன். லண்டனை அடுத்த ஈலிங்கில், தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடியை நிறுத்தி, 1883-இல் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்களையும் படத்தில் வரவழைத்தவர். தொழிலில் கழிவுநீர்ப் பொறியாளர். "குழாய் வேலை பார்த்த மனுஷன்! அவர் சாதிக்கலையா?" என்று இவர் ஒருநாள் முழங்க, மனைவி சொன்னார்: "அவருக்குக் குழாயாவது சரி பண்ணத் தெரிஞ்சிருக்கு. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகி ரெண்டு மாசமாச்சு."

தை அமாவாசைக்குத் தீர்த்தமாட ராமேசுவரம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் நீங்கள் தங்கும் இடத்துக் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ சிவப்பு டார்ச்சோடு ஒருவர் குனிந்து நின்றால் தயவுசெய்து ட்யூப்லைட்டைப் போடாதீர்கள். யாரென்று பார்க்க செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். மூன்று நிமிடம் பொறுங்கள். ஒரு படத்துக்கு அவ்வளவுதான் ஆகும்.