தலைப்புக்குப் பட்டா இல்லை

கேள்வி: ஒரே தலைப்பில் வெவ்வேறு ஆங்கிலப் பாட்டுகள் வருகின்றனவே, யாரும் வழக்குப் போட மாட்டார்களா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: போட்டால் வக்கீலுக்கு மட்டும் லாபம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் மெட்டையும் வரிகளையும் காக்கும். வெறும் தலைப்பைக் காக்காது. அந்தத் தைரியத்தில் 1984, 85-இல் மட்டும் 'தி பவர் ஆஃப் லவ்' என்ற பெயரில் மூன்று தனித்தனிப் பாட்டுகள் ஹிட் ஆயின. பிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாட்டு 1984 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம். அடுத்த அக்டோபரில் அதே முதலிடத்தில் அதே பெயர். பாடியவர் மட்டும் ஜெனிஃபர் ரஷ். இடையில் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்துக்காக ஹியூயி லூயிஸ் குழு பாடியது அமெரிக்காவில் முதலிடம். (செலின் டியான் பாடியது நான்காவது அல்ல, ரஷ்ஷின் பாட்டேதான். சண்டைக்கு வராதீர்கள்.) பெயரை மட்டும் சொல்லி கேசட் கேட்டவருக்குக் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாரோ!

மற்றவர் தலைப்பை எடுத்தால்தானே வழக்கு? பீட்டர் கேப்ரியல் தன்னிடமே எடுத்துக்கொண்டார். 1977, 78, 80, 82 என்று நான்கு ஆல்பங்கள். நான்கின் பெயரும் 'பீட்டர் கேப்ரியல்'! ரசிகர்கள் அட்டைப்படத்தை வைத்து 'கார்', 'ஸ்கிராட்ச்', 'மெல்ட்' என்று அடையாளம் வைத்துக்கொண்டார்கள். நான்காவதை அமெரிக்காவில் வெளியிட்ட கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. 'செக்யூரிட்டி' என்று பெயர் ஒட்டியே விற்றது.