ஆல்பத்துக்கு இரண்டு விலை

ஸ்டாம்ப் சேர்க்கிறவரின் வாயை அடைக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பண்ணியிருக்கீங்களா சார்?" 1854இல் வந்த நாலணாத் தபால்தலையில் விக்டோரியா மகாராணியின் தலை தலைகீழாக அச்சாகிப்போன கதையை அதுவரை உற்சாகமாக அளந்துகொண்டிருந்தவர், காபி ஆறிவிட்டதாகச் சொல்லி உள்ளே எழுந்து போய்விடுவார். இவரைச் சென்னையில் எங்கும் பார்க்கலாம். பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரி. புதுச் செருப்பு வாங்கினால், செருப்பைப் போட்டுப் பார்க்கும் முன்பே பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாயைப் போல, ராத்திரி எழுந்து பீரோவைத் திறந்து ஆல்பத்தின் பக்கங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அண்ணா சாலைத் தபால் நிலையத்தில், 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்த கட்டடத்தில் இயங்கும் தபால்தலைப் பிரிவில், புதுத் தலை வெளியாகும் நாளன்று வரிசையில் முதல் ஆள் இவர்தான். ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் உண்டு, சட்டம் கேட்கிறது. முழங்காலுக்கு மெடிக்ளைம் உண்டு, முழங்காலே கேட்கிறது. வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் என்று இவரே நம்புகிற ஆல்பத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கஞ்சத்தனம் என்பது வீட்டாரின் தீர்ப்பு. அது சரியல்ல. ஒரு முதல்நாள் உறைக்காக ஆட்டோ பிடித்துத் தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை போகத் தயங்காதவர் பிரீமியத்துக்கா அஞ்சுவார்? அவருடைய சிக்கல் வேறு. ஆல்பத்துக்கு அவர் இரண்டு விலை வைத்திருக்கிறார். இன்சூரன்ஸ் படிவத்தில் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

முதல் விலை மனைவிக்குச் சொன்னது. "சும்மா பழைய பேப்பர்மா, ஒருத்தர் தூக்கிப் போட இருந்தார், வாங்கிட்டு வந்தேன்" என்கிற வகை. இரண்டாவது தபால்தலைச் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்வது. இதற்கு ஆதாரம் காந்தி தலை. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கு காந்தி தலைகள் சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. அவற்றில் பத்து ரூபாய்த் தலைதான் எல்லோருக்கும் ஆசை. அதிலும் கவர்னர் ஜெனரல் ராஜாஜியின் அலுவலக உபயோகத்துக்கென்று 'சர்வீஸ்' என்று மேலச்சு செய்யப்பட்டது நூறே நூறு. அந்த நூறில் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. நம்மவரிடம் இருப்பது மேலச்சு இல்லாத சாதாரணப் பத்து ரூபாய்த் தலை. ஆனாலும் அந்த ஐந்து லட்சம் பவுண்டைச் சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அதே செட்" என்பார். 'அதே செட்' என்பதில் பொய் கிடையாது. அதுதான் அதன் அழகு.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது விலை ஒன்று உண்டு. நாளைக்குக் காலையில் விற்கப் போனால் வியாபாரி எண்ணிக் கொடுப்பது. ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாகில் போட்டிருப்பது, நல்ல நிலையில் உள்ள தலையைக் கடைக்காரர் நமக்கு விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அல்ல. பசையில், ஆல்பத்தில் ஒட்டப் பயன்பட்ட பழைய ஹிஞ்ச் காகிதத்தின் தடம் இருந்தாலே அது மளமளவென்று இறங்கும். இன்சூரன்ஸ் கேட்பது கிட்டத்தட்ட இந்த மூன்றாவது விலையை. மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்றால் தலை அசல்தானா என்ற கேள்வியும் கூடவே வரும். பத்து ரூபாய்க் காந்திக்குப் போலிகள் ஏராளம். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற இடங்களுக்கு அனுப்பினால் படத்தோடு சான்று தருவார்கள். அனுப்பச் செலவாகும் என்பது அவர் வெளியில் சொல்லும் காரணம். இருபது வருடமாக ஊர் கூட்டிக் காட்டிய தலை போலி என்று பதில் வந்துவிட்டால், அந்த நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்க எந்தக் கம்பெனியிலும் பாலிசி இல்லை என்பது உள்ளே இருக்கும் காரணம்.

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் எவன் சார் பாலிசி தர்றான்?" என்பது அவர் அடுத்து எடுத்துப் போடும் சீட்டு. இதில் பாதி உண்மை. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த தீ விபத்துப் பாலிசியின் விலக்குப் பட்டியலில் கையெழுத்துப் பிரதி, தபால்தலை, நாணயம், ரூபாய் நோட்டு எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஆனால் 'தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய' என்று அதற்கு ஒரு வாலும் உண்டு. அவர் வால் வரை படித்ததில்லை. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் நகை, ஓவியம், பழம்பொருள், அரும்பொருள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தனியாகச் சேர்க்க வழி இருக்கிறது. மொத்தம் ஐந்து லட்சத்துக்குள், எந்த ஒரு பொருளும் ஒரு லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றுகூட வேண்டாம். தபால்தலை அந்த வகையில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. சான்றிதழுக்குப் பயந்தவருக்கு இதைவிடச் சௌகரியம் ஏது? ஆனால் தன் காந்தியை ஒரு லட்சத்துக்குக் கீழே எழுதித் தருவது கௌரவக் குறைச்சல் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் பாலிசியின் வெள்ளப் பாதுகாப்பு, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. திருட்டுக்கு மட்டும் ஜாக்கிரதை: தீயோ வெள்ளமோ வந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடந்த திருட்டைத்தான் இது ஏற்கும்; சாதாரணமாகப் பூட்டை உடைத்து நுழைகிறவனுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். போகிற போக்கில் ஒன்று: அதே பாலிசியில் விருப்பப்பட்டால், வீட்டைத் தாக்கிய அதே தீயிலோ வெள்ளத்திலோ கணவனோ மனைவியோ இறந்துபோனால் ஆளுக்கு ஐந்து லட்சம் கிடைக்கும். ஆல்பத்துக்கு எட்டு லட்சமாவது வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இந்தக் கணக்கில் எதுவும் உறுத்தாது.

பட்டியல் கொடுத்தால் கம்பெனி வழியாக விஷயம் கசிந்து திருடன் காதுக்குப் போகும் என்று ஒரு வாதம். கேட்கப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவரே இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் காந்தியை முன்னும் பின்னும் படமெடுத்துப் போட்டவர். பின்னணியில் பீரோவின் சாவிக்கொத்துகூடத் தெரிந்தது. 'காசு கொடுத்தால் போனது திரும்பி வருமா' என்பது இதைவிடக் கனமான வாதம். தாத்தாவுக்கு ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தின் உறை போனால் போனதுதான். அதை இன்சூர் செய்வதில் அர்த்தமில்லை. ஆனால் ஆல்பத்தில் முக்கால்வாசி கடையிலும் ஏலத்திலும் வாங்கியவை. காசு இருந்தால் மறுபடி வாங்கலாம். மறுபடி தேடி வாங்குவதில் இவருக்குள்ள சந்தோஷத்தை நினைத்தால், இழப்பீடு வந்த வருடம் அவர் வாழ்க்கையிலேயே நல்ல வருடமாகக்கூட இருக்கும்.

அதற்காக ஆல்பம் முழுவதையும் இன்சூர் செய் என்பதும் அசட்டுத்தனம். எண்பதுகளுக்குப் பிறகு லட்சக்கணக்கில் அச்சான நினைவுத் தலைகள் பெரும்பாலும் முகமதிப்பைத் தாண்டுவதே அபூர்வம். அவற்றுக்குப் பிரீமியம் கட்டுவது தண்டம். பத்துப் பதினைந்து தலைகளைத் தனியாகப் பிரித்து எழுதினால் போதும். மற்றவற்றின் பகைவர்கள் எந்தப் பாலிசியிலும் அடங்காதவர்கள். ஈரத்தில் பசை மஞ்சளாவதற்கும், ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிப்பதற்கும், காலப்போக்கில் நிறம் மங்குவதற்கும் கம்பெனி காசு தராது. இவர் காலத்துக்குப் பிறகு, தராசோடு வந்து கிலோ கணக்கில் நிறுத்து எடுத்துப்போகும் பழைய பேப்பர்காரரும் விபத்து என்ற வகையில் வரமாட்டார். அவரிடமிருந்து ஆல்பத்தைக் காப்பாற்றக்கூடியது இன்சூரன்ஸ் கேட்கிற அதே பட்டியல்தான்: எந்தத் தலை, எந்த நிலையில், என்ன விலைக்கு வாங்கியது, படம், ரசீது, ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, மகள் வீட்டிலோ லாக்கரிலோ. பிள்ளைகளுக்கு அப்பாவின் ரசனை புரியாவிட்டாலும் விலைப் பத்தி புரியும்.

இத்தனையையும் ஒப்புக்கொண்டு நம்மவர் பட்டியல் போடவே செய்வார். மூன்று மாதம் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றுவார். தலைகளின் ஓரத்துப் பற்களை எண்ணிப் போடுவார், நீர்முத்திரையைக் குறிப்பார். 'வாங்கிய விலை' பத்தி வந்ததும் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வருவார். முடித்ததும் கோப்புக்கு ஒரு கடவுச்சொல் போடுவார். அது மனைவிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, நாளைக்கு இழப்பீட்டைக் கணக்கிட வரும் சர்வேயருக்கும் தெரியாது. மறந்துபோகாமல் இருக்க அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பத்திரமாக, அந்த ஆல்பத்துக்குள்ளேயே காந்திக்கு எதிர்ப்பக்கத்தில் செருகி வைப்பார்.